வியாழக்கிழமை ஓவர்டைம்

பட்டர்வொர்த்திலேயே ஒரு கிளினிக் இருந்தது.
அதற்கு எதிரில் என் மச்சானின் முடிவெட்டும் கடை.
அதனால் கடல் தாண்டினேன்.

ஃபெரியில் இடமிருந்தும் நின்றபடியே போனேன்.
உட்கார்ந்தால் யாராவது பக்கத்தில் வந்து
"என்ன தனபாலா, தீவுக்கா?" என்பார்கள்.
பல் டாக்டர் என்று சொல்ல
ஒரு பல்லைத் தயார் செய்து வைத்திருந்தேன்.
கீழ் வரிசை, இடது பக்கம்.

மெக்கலிஸ்டர் ரோடு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
படிவத்தில் வயது நாற்பத்து மூன்று,
தொழில் துறைமுகத்தில் கிரேன்.
என்ன பிரச்சினை என்று கேட்ட கோட்டில்
தூக்கம் என்று எழுதினேன்.
அதுவும் பொய்யில்லை.

மிஸ் லிம் என்னைவிடச் சின்னவள்.
மேசையில் டிஷ்யூ பெட்டி இருந்தது.
அதை என் பக்கம் தள்ளாமல் இருந்தாள்.
அதற்காகவே மறுவாரமும் போனேன்.

மூன்றாம் வியாழன்தான் வாயில் வந்தது.
தமிழில் அதற்கு இருக்கிற சொல்
லேகிய டப்பாவில், மீசைக்காரன் படத்துக்குக் கீழே
சிவப்பில் அச்சடித்த சொல்.
அதைச் சொன்னால் என் அப்பா, சித்தப்பா, கேன்டீன் கூட்டம்
அத்தனை பேரும் அறைக்குள் வந்துவிடுவார்கள்.
மலாயில் சொன்னேன்: மாத்தி பூச்சோக்.
கொழுந்து செத்தது.
ஏதோ பூந்தொட்டியைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது.

நாள் முழுக்க நாற்பது டன் பெட்டிகளை
இரண்டு விரலால் தூக்கி வைப்பவன் நான்.
இதை நானே சொல்லிவிடுகிறேன்,
வேறு யாராவது சொல்வதற்கு முன்.

எப்போதிலிருந்து என்றாள்.

சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்தா?
இல்லை, ஏழாம் மாதம் பிள்ளை வயிற்றிலேயே நின்றுபோய்
கோமளா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர் பார்த்துப் படுத்திருக்க
நான் கீழே கார் நிறுத்திய சீட்டைத்
தேடிக்கொண்டே இருந்தேனே,
அன்றிலிருந்தா?
தெரியாது என்றேன்.
முதலில் ரத்தம் பாருங்கள் என்றாள்.
பாதி ரத்தத்தில் இருந்தது.

ஏழாம் வாரம் கோமளா என் டச் அண்ட் கோ கணக்கைப் பார்த்தாள்.
ஓவர்டைம் என்ற ஆறு வியாழன். ஆறு ஃபெரி.
"யார் அவ?"
"மிஸ் லிம்."
"எத்தன வயசு?"
"முப்பத்தஞ்சு இருக்கும். மணிக்கு நூத்தம்பது வெள்ளி."
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது
நான் சொன்னது.

மீதியைச் சொல்லி முடிப்பதற்குள் சாம்பார் அடிப்பிடித்தது.
அவள் முதலில் சிரித்தாள். பிறகு அடுப்பை நிறுத்தினாள்.
குழாயைத் திறந்துவிட்டு
ஒன்றும் கழுவாமல் நின்றாள்.
"என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன்.
நாலு வருஷமா.
ஜிம்முக்கெல்லாம் காசு கட்டினேன்."

இப்போது வீட்டுப்பாடம்.
இருபது நிமிடம், கை மட்டும்.
முழங்கைக்கு மேலே போகக்கூடாது.
வேறெதுவும் நடக்க வேண்டாம், நடக்கும்போல் இருந்தாலும் வேண்டாம்.
கேக் வேகவைக்க வாங்கிய கடிகாரத்தைக்
கோமளா தலைமாட்டில் வைத்தாள்.

அவள் மணிக்கட்டில் சின்னதாய் ஒரு தழும்பு.
"எண்ணெய் தெறிச்சதா?"
"ட்ரிப்ஸ். நரம்பு கெடைக்காம மூணு தடவ குத்தினாங்க.
நீங்க கீழ இருந்தீங்க."
கட்டைவிரலை அங்கேயே வைத்திருந்தேன்.
எடுக்கத் தெரியவில்லை.

மணி அடித்தது.
எழுந்திருக்க வேண்டியது எதுவும் இல்லை.
கை நீட்டி அணைத்தாள்,
கடிகாரத்தை.

அடுத்த வியாழன் ஃபெரியில் உட்கார்ந்தே போனேன்.
பல் மட்டும்
இன்னும் தயாராகத்தான் இருக்கிறது.